புது இன்ஜெக்டர் போட்டு கெட்டுப்போன பழைய வண்டி

மூணு மாசம். ஒரு ஐடில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காம இன்ஜின் சும்மா ஓடுற வேகம்) பிரச்சனைக்கு மூணு மாசம் மண்டைய உடைச்சிக்கிட்டேன், கடைசில பார்த்தா தப்பு நான் என் கையால மாட்டுன புது பார்ட்ல இருக்கு. புதுசாச்சே, அதுல என்ன வரப்போகுதுன்னு அந்தப் பக்கமே திரும்பல.

வண்டி இருபத்தஞ்சு வயசு தாண்டுன நாலு சிலிண்டர் பெட்ரோல் கார். சிலிண்டருக்கு ஒண்ணுன்னு பெட்ரோல் பீய்ச்சுற பழைய இன்ஜெக்டர் நாலும் நல்லாத்தான் ஓடுச்சு, ஒண்ணுல மட்டும் ஓ-ரிங், அதாவது கசியாம அடைக்கிற ரப்பர் வளையம், காஞ்சுபோய் பானட்ட தொறந்தா லேசா பெட்ரோல் வாசம். ஓ-ரிங் மட்டும் மாத்தியிருந்தா அதோட முடிஞ்சிருக்கும். எப்படியும் ரெயில (இன்ஜெக்டருக்கெல்லாம் பெட்ரோல் வர்ற குழாய) கழட்டப்போறோம், நாலையும் புதுசாவே போட்டுடுவோம்னு ஆன்லைன்ல ஒரு செட் வாங்குனேன். டப்பால பெரிய கம்பெனி பேரு, பார்ட் நம்பர், ஹாலோகிராம் ஸ்டிக்கர் எல்லாம் இருந்துச்சு. இதே மாடல் ஒரிஜினல் தயாரிப்ப நிறுத்தி வருஷக்கணக்காச்சே, இவ்ளோ சுலபமா எப்படி கிடைக்குதுன்னு அப்பவே யோசிச்சிருக்கணும்.

மாட்டி ரெண்டு வாரம் கழிச்சு ஆரம்பிச்சது. சிக்னல்ல நின்னா ஐடில் 800 ஆர்பிஎம்ல இருந்து 550க்கு எறங்கி ஏறி எறங்கி ஆடும், ஏசி போட்டா இன்ஜினே ஆஃப் ஆயிடும். ராத்திரி ஹெட்லைட் போட்டா இன்னும் மோசம். ஆனா ஓடும்போது ஒரு குறையும் இல்ல, பிக்கப் நல்லா இருக்கு, மேட்டுல இழுக்குது. இதனாலயே யாருக்கும் இன்ஜெக்டர் மேல சந்தேகம் வரல, ஏன்னா இன்ஜெக்டர் போச்சுன்னா மேட்டுலதானே மொதல்ல தெரியும்னு எல்லாரும் நெனைக்கிறோம்.

ஸ்கேனர்ல பி0171, அதாவது மிக்ஸ்ச்சர் லீன், பெட்ரோல் பத்தலங்குது. ஃப்யூயல் ட்ரிம், அதாவது பத்தாததுக்கு கம்ப்யூட்டர் கூடுதலா குடுக்குற பெட்ரோல், ஐடில்ல பிளஸ் 19 சதவீதம், ரோட்ல போகும்போது பிளஸ் 4. இத பார்த்த உடனே மெக்கானிக் "வேக்யூம் லீக் தம்பி, வேற ஒண்ணும் இல்ல"ன்னுட்டார், எங்கயோ ஓட்டை வழியா கணக்குல வராத காத்து உள்ள போகுதுன்னு அர்த்தம். அவர தப்பு சொல்ல முடியாது, நானும் அதான் சொல்லியிருப்பேன். மேனிஃபோல்டு கேஸ்கெட் மாத்தினோம், பிரேக் பூஸ்டர் ஹோஸ் மாத்தினோம், பிசிவி வால்வ் மாத்தினோம், புகைய உள்ள விட்டு ஓட்டை தேடுற ஸ்மோக் டெஸ்ட் ரெண்டு தடவ. எங்கயும் புகை வரல. ட்ரிம் அதே 19.

திருப்பம் வந்தது ஒரு சின்ன விஷயத்துல. சும்மா வண்டிய நிறுத்தி நியூட்ரல்ல வெச்சு 2500 ஆர்பிஎம்க்கு ரேஸ் பண்ணிப் பிடிச்சேன், ட்ரிம் 17லயே நிக்குது, எறங்கவே இல்ல. நம்ம வண்டில உள்ள போற காத்த அளக்குற ஏர்ஃப்ளோ சென்சார் இருக்கு, அந்த மாதிரி வண்டில வேக்யூம் லீக் இருந்தா ரேஸ் பண்ண உடனே ட்ரிம் எறங்கணும், ஏன்னா இன்ஜின் இழுக்குற காத்து கூடக்கூட ஓட்டை வழியா திருட்டுத்தனமா வர்ற காத்தோட பங்கு கம்மியாயிடும். எறங்கலன்னா கத வேற. என் வண்டில ட்ரிம் ஆர்பிஎம்ம பார்த்து எறங்கல, லோடு ஏறுனாத்தான் எறங்குது.

இதுக்குப் பின்னாடி உள்ள கணக்கு ரொம்ப சிம்பிள். இன்ஜெக்டர் ஒரு காயில் வச்ச வால்வு, ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) கரண்ட் குடுத்த நொடியே தொறக்காது, தொறக்க சுமார் ஒரு மில்லிசெகண்ட் ஆகும். பேட்டரி வோல்ட்டேஜ் கொறஞ்சா இன்னும் லேட். ஒரிஜினல் இன்ஜெக்டருக்கு இந்த லேட் எவ்ளோன்னு ஈசியூ மெமரில டேபிளா இருக்கு, அத சேர்த்துத்தான் பல்ஸ், அதாவது ஒவ்வொரு தடவையும் கரண்ட் விடுற நேரம், குடுக்குது. டூப்ளிகேட்டுக்கு அந்த டேபிள் எப்படிப் பொருந்தும்? ஐடில்ல மொத்த பல்ஸே 2.7 மில்லிசெகண்டுதான், தொறக்குற நேரம் போக உண்மையா பெட்ரோல் போறது 1.7. அதுல வால்வு 0.3 லேட்டா தொறந்தா ஆறுல ஒரு பங்கு பெட்ரோல் போச்சு. மேட்டுல பல்ஸ் 10 மில்லிசெகண்ட், அங்க அதே 0.3 போனா மூணு சதவீதம் சொச்சம்தான். ஹெட்லைட் போட்டா ஏன் மோசமாச்சுன்னும் இப்பத்தான் உறைச்சது, வோல்ட்டேஜ் எறங்குனா லேட் இன்னும் நீளுது. நியூட்ரல்ல 2500 வெச்சாலும் லோடு இல்லாததால பல்ஸ் சின்னதாத்தான் இருக்கும், அதான் ட்ரிம் அசையல.

சரின்னு ஸ்பார்க் பிளக்க கழட்டுனேன். ஒண்ணாவதும் நாலாவதும் லேசான பிரவுன், நல்லா இருக்கு. ரெண்டாவது சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. மூணாவது அடுப்புக்கரி. ஒரே இன்ஜின்ல ஒரு சிலிண்டர் பட்டினி, ஒரு சிலிண்டர் அளவுக்கு மீறி குடிக்குது. சைலன்சர் பக்கம் இருக்குற ஒரே ஆக்சிஜன் சென்சார் நாலு சிலிண்டர் புகையும் கலந்து வர்றதத்தான் பார்க்குது, அது சராசரி மட்டும்தான் சொல்லும். ஸ்கேனர மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தா ஆயுசுக்கும் இது தெரியாது. ரெண்டாவது இன்ஜெக்டரையும் மூணாவதையும் இடம் மாத்தி, புது பிளக் போட்டு ஒரு வாரம் ஓட்டிட்டு மறுபடி பார்த்தேன். கரி ரெண்டாவதுக்குப் போயிடுச்சு, வெள்ளை மூணாவதுக்கு வந்துடுச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்.

கழட்டும்போது ஒண்ணு கவனிங்க, இன்ஜின் ஆஃப் பண்ணாலும் ரெயில்ல சுமார் 3 பார் பிரஷர் நிக்கும். பம்ப் ஃப்யூஸ புடுங்கிட்டு வண்டி தானா ஆஃப் ஆகுற வரைக்கும் ஓடவிட்டு, இன்ஜின் ஆறுன அப்புறம், பேட்டரி வயர கழட்டிட்டுத்தான் கைவைக்கணும். சூடா இருக்குற சைலன்சர் மேல பெட்ரோல் பீய்ச்சுனா என்னாகும்னு சொல்ல வேண்டியதில்ல.

மல்டிமீட்டர் வெச்சுப் பார்த்தா பழைய நாலும் 14.4, 14.5, 14.5, 14.4 ஓம். புது நாலும் 12.9, 15.2, 13.6, 14.8. ஒரே டப்பால வந்த ஒரே செட்டு! ஆனா ஓம் சரியா இருந்தா இன்ஜெக்டர் நல்லதுன்னு முடிவு பண்ணிடாதீங்க, அது காயில பத்தி மட்டும்தான் சொல்லும், பெட்ரோல் எவ்ளோ போகுதுன்னு சொல்லாது. இன்னொரு விஷயம், சில பழைய வண்டிங்க 2, 3 ஓம் இன்ஜெக்டர்ல ஓடும், அதுக்குன்னு தனி ரெசிஸ்டரோ தனி டிரைவரோ இருக்கும். 14 ஓம் போட வேண்டிய வண்டில அத மாட்டுனா ஈசியூவோட டிரைவர் புகைஞ்சுடும், டூப்ளிகேட் செட்ல கலந்து வந்தாலும் அதே கதிதான்.

அப்புறம் டெஸ்ட் பெஞ்ச், இன்ஜெக்டர வெளிய மாட்டி எவ்ளோ பீய்ச்சுதுன்னு அளக்குற மெஷின். பழைய நாலும் கண்ணாடிக் குழாய்ல ஒரே மட்டத்துல நின்னுச்சு. புதுசு முழுசா தொறந்து வெச்சப்போ ஓரளவு பக்கத்துல பக்கத்துலதான் இருந்துச்சு, சின்ன பல்ஸ் குடுத்த உடனே ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு ஏணிப்படி மாதிரி ஆயிடுச்சு. சிலிண்டருக்கு நாலு வால்வு உள்ள ஹெட்டுக்கு ரெண்டா பிரிஞ்சு போகணும் ஸ்ப்ரே, இதுல ஒண்ணு குழாயத் தொறந்துவிட்ட மாதிரி ஒத்தக்கோடா ஊத்துது. கரி புடிச்ச அந்த ஆளு பல்ஸ நிறுத்துன அப்புறமும் சொட்டுது. லென்ஸ் வெச்சு மூக்குல பார்த்தேன், ஒரிஜினல்ல நாலு துளை, ஓரம் சுத்தமா, கண்ணு மாதிரி இருக்கு. டூப்ளிகேட்லயும் நாலு துளை இருக்கு, ஆனா ஒரு துளை ஓரத்துல உலோகப் பிசிறு நாக்கு மாதிரி நீட்டிக்கிட்டு நிக்குது. அந்தப் பிசிறுக்காகவா நான் ஒரு முழு மேனிஃபோல்ட கழட்டினேன்!

பழசையும் புதுசையும் பக்கத்துல வெச்சா வெளியிலயே தெரியும், எனக்குத்தான் மாட்டுறதுக்கு முன்னாடி வெச்சுப் பார்க்கத் தோணல. ஒரிஜினல்ல நம்பர் உலோகத்துல பொறிச்சிருக்கு, இதுல மை, தின்னர் வெச்சு தேய்ச்சதும் துணியோட வந்துடுச்சு. பிளாஸ்டிக் கனெக்டர்ல அச்சு வார்த்த கோடு நகத்துல தட்டுப்படுது. ஹாலோகிராமெல்லாம் டப்பா மேலதானே ஒட்டுறாங்க.

பழைய நாலையும் அல்ட்ராசானிக்ல கழுவி, உள்ள இருக்குற குட்டி ஃபில்டர், ஓ-ரிங் மாத்தி திரும்பப் போட்டேன். ட்ரிம் பிளஸ் 3, ஏசி போட்டாலும் ஐடில் அசையல. ஊர் பேர் தெரியாத புதுசவிட நல்லா கழுவுன பழசு எவ்வளவோ மேல்ங்கிறது என் கட்சி. டிப்ஸ்டிக்க மோந்து பார்த்தா பெட்ரோல் வாசம் வந்துச்சு, சொட்டுனது எல்லாம் ஆயில்ல எறங்கியிருக்கு, அதனால ஆயிலும் மாத்தியாச்சு.

அந்த நாலு டூப்ளிகேட்டோட கனெக்டரையும் கட்டிங் பிளேயரால நசுக்கித்தான் குப்பைல போட்டேன். சும்மா போட்டா எவனாவது பொறுக்கி, தொடைச்சு, மறுபடி டப்பால போட்டுடுவான்.