மைதானம் தயார், வேலியை மட்டும் இரண்டு முறை நட்டோம்

போன வாரம்தான் எங்கள் ஆர்.சி. விமான (தரையில் நின்று ரிமோட்டில் ஓட்டும் சின்ன மாதிரி விமானம்) கிளப்பின் சொந்த ஓடுதளத்தில் முதல் விமானம் இறங்கியது. இடம் தேடத் தொடங்கி 14 மாதம் ஆகிறது. அதில் பாதி வீணாய்ப் போன காலம். அடுத்து மைதானம் போடுகிறவர்களுக்காவது அது மிஞ்சட்டும்.

நிலம் சுலபமாகவே கிடைத்தது. உறுப்பினர் ஒருவருக்குத் தெரிந்தவரின் தரிசு. மின்கம்பி இல்லை, உயரமான மரமும் இல்லை. "தாராளமா பறக்க விடுங்க" என்றார் உரிமையாளர். அந்த வாய்வார்த்தையை நம்பி அனுமதிக்கு விண்ணப்பிக்கப் போனோம். கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் இல்லை என்று எழுத்தர் திருப்பி அனுப்பினார். கடிதத்தோடு போனால், நிலத்தின் எல்லையைக் காட்டும் வரைபடம் கேட்டார். வரைபடத்தோடு போனால், பக்கத்து விமான நிலையம் எவ்வளவு தூரம் என்று அதில் குறிக்கவில்லை என்றார். மூன்றையும் முதல் நாளே சொல்லியிருக்கலாமே! ஒவ்வொரு நடைக்கும் அரை நாள் விடுப்பு. மூன்றாம் முறை வெளியே வந்தபோது எனக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

நான்காம் முறை ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, "இன்னும் என்னென்ன வேண்டுமோ எல்லாவற்றையும் இதில் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டேன். எழுதிக் கொடுத்தார். காப்பீட்டு நகலும், எவ்வளவு உயரம்வரை பறப்போம் என்ற உறுதிமொழியும்தான் பாக்கி. பல நாடுகளில் வரம்பு 400 அடி, அதாவது சுமார் 120 மீட்டர். நாங்களும் அதையே எழுதினோம். அதன்பின் தாள் ஒன்றுகூடத் திரும்பவில்லை. நீங்கள் முதல் நாளே அந்த வெள்ளைத் தாளை நீட்டிவிடுங்கள்.

இன்னொன்று. நிலம் ஒருவருடையதாக இருந்தாலும், அதற்குப் போகும் பாதை வேறொருவருடையதாக இருக்கலாம். ஒரு நாள் ரோலர் வண்டியோடு போனோம், பாதையில் பூட்டுப் போட்டிருந்தது. வாடகை வண்டியைச் சும்மா திருப்பி அனுப்பினோம். பாதைக்கும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

அப்புறம் ஓடுதளம். கம்பத்தில் ரிப்பன் கட்டி, மாலைக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று மூன்று மாதம் குறித்து வைத்தோம். பெரும்பாலும் வடக்கு தெற்காகத்தான் வீசியது. ஓடுதளத்தையும் அப்படியே போட்டோம்: 100 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். இதுவரை சரி. வாசல் கிழக்கில் இருந்ததால் பைலட்கள் நிற்கும் இடம், விமானம் பூட்டும் மேசைகள், வேலி எல்லாமே கிழக்கில் அமைந்தன. பறக்க விடுவதோ வேலை முடிந்து மாலையில். அந்நேரம் சூரியன் நேரே முகத்தில் அடிக்கிறது என்பது வேலி நட்டு முடிக்கும்வரை ஒருவருக்கும் தோன்றவில்லை. சோதனைப் பறப்பில் நண்பரின் பால்சா (மிக லேசான மரம்) விமானம் சூரியனைக் கடந்தது. எதிர்வெளிச்சத்தில் அது வெறும் கறுப்பு நிழல். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரியாமல் ரிமோட்டின் ஸ்டிக்கை எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டார், விமானம் தலைகீழாக மண்ணில் குத்தியது. நான்கு மாதம் இழைத்து இழைத்துக் கட்டியது. அவர் துண்டுகளைப் பொறுக்கியபோது எங்களில் யாருக்கும் வாய் திறக்க மனம் வரவில்லை.

மறுவாரமே எல்லாவற்றையும் பிடுங்கி மேற்கில் நட்டோம். இப்போது சூரியன் முதுகுப் பக்கம். ஆனால் வாசலிலிருந்து வருகிறவர்கள் ஓடுதளத்தின் முனையைச் சுற்றி நடக்க வேண்டும். விமானம் தாழ்வாக இறங்கி வருவதும் அதே முனையின் மேல்தான். அதனால் பறக்க விடுகிறவர்களிடம் குரல் கொடுத்து, அவர்கள் "வா" என்ற பிறகே நடக்கலாம் என்று விதி வைத்திருக்கிறோம். பழைய உறுப்பினருக்கும் விலக்கு கிடையாது. காற்றைக் கவனித்த அந்த மூன்று மாதத்தில் சூரியனையும் ஒரு கண் பார்த்திருக்கலாம்.

தரையைத் தட்டையாகச் சமன் செய்ததும் தவறு. முதல் மழைக்கே நடுவில் தண்ணீர் நின்றது. மறுபடி மண் கொட்டி, நடு உயர்ந்து இரு பக்கமும் 100க்கு 2 சரியும்படி செய்தோம். மண் ஈரமாக, ஆனால் காலில் ஒட்டாத பதத்தில் இருக்கும்போது ரோலர் ஓட்டினால்தான் படிகிறது. புல்லை 3 சென்டிமீட்டருக்கு மேல் விடுவதில்லை. விட்டால் சின்னச் சக்கர விமானங்கள் இறங்கியதும் குப்புறக் கவிழ்கின்றன.

சத்தம் பற்றிய புகார் வருவதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரரைப் போய்ப் பார்த்தோம். நாங்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அது. பிரிட்டனில் இன்ஜின் விமானங்களுக்குப் பின்பற்றும் அளவு 7 மீட்டர் தூரத்தில் 82 டெசிபல். அதைத் தாண்டுவது இங்கே பறக்காது என்று சொல்லி, அவர் முன்னாலேயே சத்தம் அளக்கும் கருவி வைத்து அளந்து காட்டினோம். காலை 9 மணிக்கு முன் இன்ஜின் போடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். உடனே ஒப்புக்கொண்டோம்.

பாக்கி ஒரே வேலை. குத்தகைப் பத்திரத்தில், காலி செய்யச் சொன்னால் ஆறு மாத அவகாசம் தர வேண்டும் என்ற வரியைச் சேர்க்காமல் விட்டுவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை உரிமையாளரைப் பார்க்கப் போகிறேன், இந்த முறை அந்த வரியைத் தட்டச்சு செய்து கையோடு எடுத்துக்கொண்டு.