காளான் வளர்ப்பு பிராக்டிகல்: மார்க் முழுக்கத் தண்ணீரில்தான் இருக்கிறது

ரிசல்ட் வந்துவிட்டது, அப்பாடா. தியரிக்கு எல்லோரிடமும் நோட்ஸ் இருக்கும், அதை விடுங்கள். மார்க் ஒழுகுவது பிராக்டிகலில். அதிலும் வைக்கோல் ஈரத்தில்.

சிப்பிக்காளான் படுக்கை போடச் சொன்னதும் எல்லோர் கையும் வித்துப் புட்டிக்குத்தான் (காளான் இழை படர்ந்த தானியம்) போகும். முதலில் வைக்கோலைப் பிழியுங்கள். 5 செ.மீ. துண்டாக நறுக்கி, 4 மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவைத்த வைக்கோல், ஆறி உலர்ந்து 65 சதவீத ஈரத்தில் நிற்க வேண்டும். அதைப் பார்க்கக் கருவி வேண்டாம். ஒரு பிடி அள்ளி இறுக்கினால் உள்ளங்கை நனையும். விரலிடுக்கில் சொட்டு விழக்கூடாது. சொட்டினால் பையின் அடியில் தண்ணீர் தேங்கி, காற்று போகாமல் பாக்டீரியா பெருகும், புளித்த நாற்றம் வரும். சரசரவென்று காய்ந்திருந்தால் வெள்ளை இழை பாதி வழியில் நின்றுவிடும். வெளியிலிருந்து வரும் எக்ஸாமினர் கண்ணெதிரே பிழிந்து காட்டுங்கள். மற்றது சுமாராக இருந்தாலும் ஓடிவிடும்.

பை 60க்கு 30 செ.மீ., நடுவில் 1 செ.மீ. அளவில் இரண்டு துளை. 5 செ.மீ. வைக்கோல், மேலே 25 கிராம் வித்து, மறுபடி வைக்கோல், ஐந்து அடுக்கு. ஒரு புட்டி வித்து இரண்டு படுக்கைக்கு வரும். லேசாக அமுக்கிக் கட்டுங்கள்.

வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், விளைச்சல் சதவீதம் கேட்பார்கள். 500 கிராம் காய்ந்த வைக்கோலில் 400 கிராம் காளான் வந்தால் 80 சதவீதம். ஊறிய பிறகு அதே வைக்கோல் ஏறக்குறைய 1.4 கிலோ. அந்த எடையால் வகுத்தால் 28 என்று வரும், மார்க்கும் அப்படியே வரும்.

ஸ்பாட்டருக்கு, அதாவது மாதிரியைப் பார்த்து அடையாளம் சொல்லும் பகுதிக்கு:

- பச்சைப் பூசணம்: டிரைக்கோடெர்மா. படுக்கையை அறையை விட்டு அகற்று.
- நீளக் காம்பு, குட்டித் தொப்பி: கரியமில வாயு தேங்கியிருக்கிறது, காற்றோட்டம் போதவில்லை.
- கறுத்து மையாக வடியும் சின்னக் குடை: காப்ரினஸ்.
- ரகங்கள்: மொட்டுக்காளான் ஊட்டி 1, பால்காளான் ஏபிகே 2. முன்னது காய்க்க 14–18 டிகிரி, பின்னது 30–35. இரண்டுக்கும் மேல்மண் (படுக்கை மேல் ஒரு மண் அடுக்கு) போட வேண்டும், சிப்பிக்கு வேண்டாம்.
- முளைக்கும் இளம் மொட்டு மஞ்சளாகி அழுகுவது: தண்ணீரை அதன் மேலேயே தெளித்ததால்.

கடைசியில் சமையலுக்குத் தயார்செய்யும் பகுதி. வீட்டுப் பழக்கத்தில் உப்பு, மஞ்சள் போட்டு ஊறவைக்கிறார்கள். செய்யாதீர்கள். காளானில் 90 சதவீதம் ஏற்கெனவே தண்ணீர்; அடிப்பக்க மடிப்புகள் இன்னும் பிடித்து வைத்துக்கொள்ளும். வாணலியில் வதங்காமல் வெந்து தொலையும்.

சிப்பிக்காளானில் வைக்கோல் ஒட்டிய அடிக்காம்பை வெட்டிவிட்டுக் கொத்தைப் பிரியுங்கள். மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி பிடித்து இரண்டு தட்டுத் தட்டினால் தூசும் குட்டி ஈயும் உதிரும். பிறகு வடிதட்டில், அதே மாதிரி மடிப்பு கீழே பார்க்க, ஓடும் தண்ணீரில் பத்து விநாடி. உடனே பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள்.

மொட்டுக்காளானில் வரிசை முக்கியம்: மண் ஒட்டிய காம்பு நுனியை முதலில் வெட்டுங்கள், அப்புறம்தான் அலசல். மாற்றிச் செய்தால் அந்த மண் கரைந்து மற்ற காளானிலெல்லாம் ஏறும். தோல் உரிப்பது வீண் வேலை. வெட்டிய இடம் பழுப்பாவது நொதியின் வேலை, கெட்டுப்போனதல்ல. வழவழப்பும் வாடையும் சேர்ந்து வந்தால் தூக்கிப் போடுங்கள்.

கழுவுவது அடுப்பு பற்றவைக்கும் முன்புதான். பிரிட்ஜில் வைப்பதானால் கழுவாமல் காகிதப் பையில்.

துணி கையோடு கொண்டுபோங்கள். லேபில் தர மாட்டார்கள்.