பாட வருகிறது, பேச வரவில்லை

இசைச் சிகிச்சை என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, எந்த நோய்க்கு எந்த ராகம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றி வரும் பட்டியல்தான். அந்தப் பட்டியல்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது. நீலாம்பரி கேட்டால் தூக்கம் வரலாம், அதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. பக்கவாதத்துக்குப் பிந்தைய மறுவாழ்வில் இசை செய்யும் வேலை முற்றிலும் வேறு.

என் பெரியப்பாவுக்கு வலது கையும் பேச்சும் ஒருசேரப் போன பிறகு, தண்ணீர் வேண்டும் என்று கேட்க முடியாமல் தவிப்பார். அதே மனிதர், பெரியம்மா விளக்கேற்றித் தேவாரத்தில் ஒரு வரி எடுத்துக் கொடுத்தால், அடுத்த வரியைப் பிசிறில்லாமல் பாடிவிடுவார். பிடிவாதத்தால்தான் பேசாமல் இருக்கிறார் என்றுகூட உறவினர் சிலர் சொன்னார்கள். உண்மையில் இது மருத்துவ உலகம் வெகுகாலமாக அறிந்த ஒன்று. பேச்சிழந்த ஒருவர் தேவாலயப் பாடல்களை மட்டும் பாடியதை ஸ்வீடனைச் சேர்ந்த ஓலோஃப் டாலின் 1745-லேயே பதிவு செய்திருக்கிறார். சொற்களைக் கோத்துப் பேசும் வேலையைப் பெரும்பாலும் மூளையின் இடப்பக்கம் செய்கிறது. பாடும்போது வலப்பக்கமும் சேர்ந்துகொள்கிறது. மனப்பாடமான பாட்டோ சங்கிலியாகத் தானே வந்துவிடும். அதனால்தான், பழைய பாட்டுகளைப் பாட வைத்தால் மட்டும் பேச்சு திரும்பிவிடுவதில்லை.

இந்த இடைவெளியைக் கடப்பதற்கு பாஸ்டனில் ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் ஆகிய மூவரும் 1973-இல் ஒரு பயிற்சியை முன்வைத்தார்கள். அன்றாடம் தேவைப்படும் ஒரு சிறு தொடரை, இரண்டே சுருதிகளில், இழுத்து இழுத்துப் பாட வேண்டும். ஒவ்வோர் அசைக்கும் நோயாளியின் இடது கையை மேசைமீது மெல்லத் தட்ட வேண்டும். 'தண்–ணி–வே–ணும்' என்று பயிற்சியாளர் முதலில் முனகிக் காட்டி, பிறகு இருவரும் சேர்ந்து பாடி, நடுவில் பயிற்சியாளர் தன் குரலை இறக்கிக்கொள்ள, நோயாளி தனியாக முடிப்பார். அடுத்து, 'என்ன வேணும்?' என்ற கேள்விக்கு அதையே விடையாகச் சொல்ல வேண்டும். கடைசியில் ராகம் கழன்று வெறும் பேச்சு மிஞ்ச வேண்டும் என்பதே நோக்கம். இதில் மெட்டைவிடத் தாளத்துக்கே பங்கு அதிகம் என்று ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆய்வாளர்கள் 2011-இல் வாதிட்டார்கள். பெரியப்பாவுடன் உட்கார்ந்து பார்த்த எனக்கும் கை தட்டுவதை நிறுத்தியதும் சொல் நின்றுவிடுவதாகவே தோன்றியது. பிறர் பேசுவது புரிந்தும், தாம் பேச இயலாமல் இருப்பவர்களுக்கே இம்முறை பொருந்தும். சரளமாகப் பேசியும் பொருளற்றுப் பேசுபவர்களுக்கு இதனால் பெரிய பயன் இராது.

நடைப் பயிற்சியில் தாளத்தின் பங்கு இன்னும் வெளிப்படையானது. மைக்கேல் தாட் என்பவரும் அவருடைய குழுவினரும் 1990-களில் வகுத்த முறையில், நோயாளி ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறார் என்று முதலில் எண்ணி, அதே வேகத்தில், சீராகத் தட்டொலி எழுப்பும் மெட்ரோனோம் கருவியையோ பாட்டையோ ஓட விட்டு, கால் அதனோடு ஒத்துப்போன பிறகு வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள். பக்கவாதத்துக்கு மட்டுமல்ல, உடல் நடுங்கி நடை தளரும் பார்க்கின்சன் நோய்க்கும் இது உதவும். அந்நோயில் உடலுக்குள்ளிருந்து காலத்தை அளந்து கொடுக்கும் அமைப்பு பழுதுபடுவதால், காதுவழி வரும் தாளம் அந்த வேலையை ஓரளவு ஏற்றுக்கொள்கிறது.

இசையை வெறுமனே கேட்பதிலும் பயன் உண்டு. ஹெல்சிங்கியில் பக்கவாத நோயாளிகளிடம் நடத்தி 2008-இல் வெளியான ஆய்வில், தமக்குப் பிடித்த இசையைத் தினமும் கேட்டவர்களுக்கு, ஒலிநூல் கேட்டவர்களைவிடச் சொல் நினைவாற்றல் நன்றாகத் தேறியிருந்தது. எந்த இசை என்று மருத்துவர்கள் விதிக்கவில்லை, தேர்வு நோயாளியுடையதே.

வீட்டில் செய்ய விரும்புவோர் பேச்சுப் பயிற்சியாளரிடம் தொடர்களைத் தேர்ந்து வாங்கிக்கொண்டு, தினமும் ஒரே நேரத்தில் பழக்கலாம். நடைப் பயிற்சியை மட்டும் பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இல்லாமல் தொடங்கக் கூடாது. வேகம் கூடினால் கால் இடறும், தாளத்துக்குள் லயித்திருப்பவர் கைப்பிடியையும் மறந்துவிடுவார்.