முகாமிலிருந்து திரும்பியவர்களை வேலைக்கு எடுத்தபோது

அச்சுவேலியில் பாடசாலைச் சீருடை தைக்கும் சிறிய தொழிற்சாலை ஒன்றை நடத்துகிறேன். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு ஆள் பிடிப்பது பெரும்பாடாகிவிட்டது. தையல் பழகிய பிள்ளைகள் கனடா, லண்டன், டுபாய் என்று புறப்பட்டுக்கொண்டே இருந்தார்கள். புதிதாக ஒருத்தியைப் பழக்கி எடுத்தால், கை படியும் நேரத்தில் அவளுக்கும் விசா வந்துவிடும்.

அப்போதுதான் தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பிய ஒரு தாயும் மகளும் வேலை கேட்டு வந்தார்கள். தாய் 1990இல் வடமராட்சியிலிருந்து படகேறியவர். மகள் முகாமில் பிறந்தவள். இருவருமே திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்தவர்கள். மெஷினில் இருத்திப் பார்த்தேன். மகள் உடனே தைக்கத் தொடங்கவில்லை. ஒரு துண்டுத் துணியில் ஓட்டிப் பார்த்தாள், நூலின் இறுக்கத்தைத் தளர்த்தினாள், பிறகு ஊசியைக் கழற்றி நகத்தில் உரசினாள். "முனை மழுங்கிவிட்டது அக்கா, தையல் சுருங்கும்" என்றாள். அந்த மெஷினைப் பழுது பார்க்க மெக்கானிக்குக்கு நான் கொடுத்த காசை நினைத்து வயிறு எரிந்தது.

திறமைக்குக் குறைவில்லை, இழுத்தடித்ததெல்லாம் காகிதம்தான். தாயிடம் பழைய பிறப்புச் சான்றிதழ் இருந்தது. கிராம அலுவலரான விதானையாரின் உறுதிப்படுத்தலோடு பிரதேச செயலகம் வழியாக விண்ணப்பித்து அடையாள அட்டை எடுத்தார். மகளின் கையில் இருந்தது இந்தியப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தாய் தகப்பன் இலங்கையர் என்பது மட்டும் போதாது. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி வம்சாவழிப் பிரஜையாகப் பதிய வேண்டும், அதுவும் பிறந்து ஒரு வருடத்துக்குள். பிந்தினால் காரணம் காட்டி அனுமதி கேட்க வேண்டும். அந்தப் பதிவு இல்லாமல் அடையாள அட்டை இல்லை. அது இல்லாவிட்டால் வங்கிக் கணக்கும், ஊழியரின் ஓய்வுகாலச் சேமிப்பான சேமலாப நிதியும் சிக்கல்தான்.

"கையில் கூலியைக் கொடுத்து ஓட்டுங்கள், யார் கேட்கப் போகிறார்கள்?" என்று புத்தி சொன்னவர்கள் உண்டு. ஊசி விரலில் ஏறினால் நட்டஈட்டுக்கு அந்தப் பிள்ளை எந்தப் பெயரில் போவாள்? தாயை உடனே பதிந்து வேலைக்கு எடுத்தேன். சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் 8 வீதம் அவருடையது, 12 வீதம் என்னுடையது, அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நான் கட்டுவது 3 வீதம். மகளைப் பிரஜாவுரிமைப் பதிவு முடியும்வரை காத்திருக்கச் சொன்னேன். வேலை தரத் தயார் என்று கடிதத் தலைப்பில் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு கவுண்டரிலும் வேறு ஒரு படிவம் கேட்டார்கள். அதை எழுதினால் பக்கம் காணாது.

நான் எதிர்பாராத பிரச்சினை சம்பள நாள். திருப்பூரில் ஷிப்ட் கணக்கு, சனிக்கிழமை கையில் காசு. இங்கே மாதச் சம்பளம். "முப்பது நாள் எப்படி அக்கா கடையில் கடன் சொல்வது? எங்களை இங்கே யாருக்கும் தெரியாதே" என்றார் தாய். நியாயம்தான். ஊரிலேயே இருந்தவர்களுக்குக் கடைக்காரர் கடன் கொப்பி எழுதுவார், திரும்பி வந்தவருக்கு எழுதமாட்டார். வாராவாரம் முற்பணம் கொடுத்து மாதக் கடைசியில் கழித்துக்கொள்கிறேன். மற்றப் பெண்கள் இதைப் பார்த்து முகம் சுளித்தார்கள். எல்லோருக்கும் அதே வசதி என்றதும் பேச்சு அடங்கியது.

மகள் இப்போது வேலையில் இருக்கிறாள். பனியன் கம்பெனி அனுபவத்துக்கு அவளிடம் ஒரு துண்டுச் சான்றிதழும் இல்லை. ஆனால் அரசின் தொழில் திறன் சான்றிதழான தேசிய தொழில் தகைமையில், வகுப்புக்குப் போகாமலே முன் அனுபவத்தை மதிப்பிடுவிக்க வழி இருக்கிறது. தான் தைத்த மாதிரிகளைக் கோப்பில் சேர்த்து வைக்கிறாள்.

அவர்களுடைய உறவுக் குடும்பம் ஒன்று தமிழ்நாட்டிலிருந்து தொலைபேசியில் வேலை கேட்டது. தையல் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிள்ளைகளின் பிறப்பைப் பதிந்துவிட்டார்களா என்றுதான் கேட்டேன். இல்லை என்றார்கள். பதிந்துகொண்டு வாருங்கள், மெஷின் காத்திருக்கும் என்று சொல்லியிருக்கிறேன்.