டப்ளின் போகும் பெங்களூர்ப் பிள்ளைகளுக்கு அங்கேயும் ஓட்டு உண்டு

அல்சூரிலிருந்தும் விவேக்நகரிலிருந்தும் வேலைக்கோ படிப்புக்கோ அயர்லாந்து போகிறவர்கள், குடியுரிமை வாங்கும்வரை அங்கே ஓட்டே கிடையாது என்று இருந்துவிடக் கூடாது. உள்ளாட்சித் தேர்தலில் இந்தியப் பாஸ்போர்ட்டோடே ஓட்டுப் போடலாம், வேட்பாளராகவும் நிற்கலாம்.

இதற்கான இடம் அவர்களுடைய அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 1999-ல் சேர்த்த 28ஏ பிரிவு, நாடாளுமன்றக் கீழவையான டாயிலுக்கு ஓட்டுப் போடும் குடிமக்களோடு, சட்டம் குறிப்பிடும் மற்றவர்களுக்கும் உள்ளாட்சி ஓட்டு உண்டு என்கிறது. அந்த மற்றவர்களில் நாமும் அடக்கம். டாயில் தேர்தலில் அப்படி இல்லை. அங்கே வசிக்கும் பிரிட்டிஷ்காரர்களைச் சேர்க்கக்கூட வெறும் சட்டம் போதவில்லை. மசோதா செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதால், 1984-ல் பொதுவாக்கெடுப்பு நடத்தி 16-ஆம் பிரிவைத் திருத்தினார்கள். குடியரசுத் தலைவர் தேர்தலும் பொதுவாக்கெடுப்பும் குடிமக்களுக்கு மட்டுமே.

ஓட்டுப் போட 18 வயது ஆகியிருக்க வேண்டும், அங்கே வசிக்க வேண்டும். வாக்காளர் பதிவுத் தளத்தில் பிபிஎஸ் எண் (அரசுச் சேவைகளுக்கான தனிநபர் எண்), எயர்கோடு (முகவரியின் அஞ்சல் குறியீடு), பிறந்த தேதி கேட்பார்கள். பிபிஎஸ் எண் இல்லாவிட்டால் காகிதப் படிவம் இருக்கிறது. வாக்குப்பதிவுக்கு 15 நாள் முன்பே பதிவு முடிந்துவிடும். ஞாயிறும் விடுமுறையும் அந்த 15-ல் சேராது என்பதால் மூன்று வாரம் முன்பே முடித்துவிடுங்கள். வாடகை வீடு மாறியதும் முகவரியையும் மாற்ற வேண்டும். கடைசி உள்ளாட்சித் தேர்தல் 2024 ஜூன் 7-ல் நடந்தது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும்.

வாக்குச்சீட்டில் பிடித்த வரிசைப்படி வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று எண் போட வேண்டும். விதான சௌதாவில் எம்.எல்.ஏ.க்கள் ராஜ்யசபாவுக்குப் போடுவதும் இதே வகை ஓட்டுதான். ஒரே தொகுதியில் 6 இடத்துக்கு 14,000 செல்லும் ஓட்டு என்று வைத்துக்கொள்வோம். இடத்தோடு ஒன்றைக் கூட்டி, ஓட்டை அந்த 7-ஆல் வகுத்து, மேலும் ஒன்று சேர்த்தால் 2,001. இதுதான் ஜெயிக்கத் தேவையான அளவு. ஒருவர் முதல் சுற்றிலேயே 2,601 வாங்கினால் 600 உபரி. அவருடைய சீட்டுகளில் 1,600-ல் அடுத்த எண் ஒருவருக்கும், 800-ல் வேறொருவருக்கும், மிச்சம் 201-ல் யாருக்கும் இல்லை என்றால், உபரி 400, 200 என்று அந்த இருவருக்கும் பிரியும். கடைசியில் நிற்பவரை நீக்கும்போது அவருடைய எல்லாச் சீட்டும் அடுத்த எண்ணுக்குப் போகும்.

1 மட்டும் போட்டு நிறுத்தினால், அவர் நீக்கப்பட்டதும் உங்கள் ஓட்டு அங்கேயே நின்றுவிடும். 1, 2, 4 என்று தாண்டி எழுதினால் 2-க்கு மேல் செல்லாது. இரண்டு பேருக்கு 1 போட்டால் சீட்டே செல்லாது. 2 போட்டால் நம் ஆளுக்குப் பாதகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1 பெற்றவர் ஜெயிக்கும்வரை அல்லது நீக்கப்படும்வரை 2-ஐப் பார்க்கவே மாட்டார்கள். பிடித்தவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் எண் போடுங்கள்.

இந்தியக் குடிமகனாக இருக்கும்வரை, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் வாக்காளராகப் பதியும் படிவம் 6ஏ கொடுத்துப் பெங்களூர்த் தொகுதியிலும் பெயர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பாஸ்போர்ட்டோடு நேரில் வந்துதான் ஓட்டுப் போட முடியும். அயர்லாந்துக் குடியுரிமை வாங்கினால் இந்த ஓட்டு போய்விடும். அப்போது அங்குள்ள பதிவிலும் குடியுரிமை விவரத்தை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் டாயில் ஓட்டு வராது.