நீல நட்சத்திர மீனும் வீட்டுத் தொட்டியும்

சிங்கப்பூரில் கடல்மீன் தொட்டிகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கும் என்னிடம் அடுக்குமாடி வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது: "தம்பி, மற்ற மீனெல்லாம் நன்றாக இருக்கும்போது நட்சத்திர மீன் மட்டும் ஏன் செத்துப்போனது?" லிங்கியா எனப்படும் நீல நட்சத்திர மீனுக்குக் கைநுனிதான் முதலில் வெளுக்கும். பிறகு தோல் பிளந்து உள்ளே இருக்கும் வெளிர்நிறச் சதை தெரியும். கண்ணாடியைப் பற்றியிருந்த குழாய்க்கால்கள் ஒவ்வொன்றாகப் பிடி தளரும். அந்த நிலைக்கு வந்த எதுவும் பிழைத்து நான் பார்த்ததில்லை.

மீனைப் போல உடலின் உப்பைத் தானே சீர்செய்துகொள்ளும் ஆற்றல் இதற்குக் கிடையாது. இதன் குழாய்க்கால்களை நீட்டுவது உள்ளே ஓடும் நீர்தான். அந்த நீரின் உப்பு, வெளியே உள்ள நீரின் உப்போடு சேர்ந்தே ஏறி இறங்கும். கடையிலிருந்து வந்த பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பநிலை சமமானதும் உள்ளே விட்டுவிடுவது பல மீன்களுக்குப் போதும், இதற்குப் போதாது. காற்றுக்குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகப் பாத்திரத்தில் இறக்கி, இரண்டு நீரின் உப்பளவும் ஒன்றாகும்வரை சில மணி நேரம் பொறுத்திருக்க வேண்டும். குளிர்சாதன அறையில் நீர் ஆவியாகி உப்பு ஏறிய பின், வாரக் கடைசியில் ஒரு வாளிக் குழாய்நீரை ஒரேயடியாக ஊற்றுவதும் இதே கேட்டைச் செய்கிறது. நம் குழாய்நீரில் குளோரமின் என்னும் கிருமிநாசினி இருப்பதால் பாதிப்பு இரட்டிப்பாகிறது.

கடலிலும் இது நடந்திருக்கிறது. 2006 இறுதியிலும் 2007 தொடக்கத்திலும் பெய்த பெருமழையில் ஆற்று வெள்ளம் கலந்து உப்பு குறைந்தபோது, சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் உள்ள செக் ஜாவா கடற்கரையில் நட்சத்திர மீன்கள் உட்பட ஏராளமான உயிர்கள் மடிந்தன.

இந்த உப்பு மாற்ற அதிர்ச்சியைத் தாண்டியவற்றைப் பசி கொல்கிறது. இதைத்தான் வாடிக்கையாளர்களுக்குப் புரியவைப்பது கடினம், ஏனெனில் கைகளுக்குள் சேமித்து வைத்த சத்தைக்கொண்டு நட்சத்திர மீன் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். பாறைமேல் படியும் மெல்லிய உயிர்ப்படலத்தை மேய்ந்து வாழும் நீல வகைக்கு, அன்றாடம் துடைத்துப் பளபளக்கும் புதுத் தொட்டியில் தீனி இல்லை. மணலைச் சலித்து உண்ணும் வகையோ, மணலில் உள்ள சிற்றுயிர்களைத் தின்று தீர்த்தபின் பட்டினி கிடக்கும். கொம்புகள் உள்ள தடித்த வகை மட்டும், அடியில் இறால் துண்டை வைத்தால் இரைப்பையை வெளியே நீட்டி உண்ணும். ஆனால் அது பவளத்தையும் விட்டுவைக்காது. சிங்கப்பூரின் தென்கடலில் உள்ள சிரீன் திட்டின் கடற்புல்மேல் அதே வகை கூட்டமாக வாழ்வதைப் பார்த்தால், நான்கு அடித் தொட்டி அதற்கு எவ்வளவு சிறியது என்பது விளங்கும்.

அண்மையில் ஓர் ஆன்ட்டி, பேரனுக்காக நீல நட்சத்திர மீன் வேண்டும் என்றார். தொட்டி மிகப் புதியது என்பதால் வேண்டாமென்று சொல்லிவிட்டு, உயிர்ப்பாறையோடு (சிற்றுயிர்கள் குடியிருக்கும் கடற்பாறை) தானாக வந்து கண்ணாடியில் ஒட்டியிருந்த, நகத்தளவே உள்ள அஸ்டெரினா என்னும் குட்டி நட்சத்திர மீன்களைச் சிறுவனுக்குக் காட்டினேன். பலர் பீடையென்று பொறுக்கி எறியும் இவை கண்ணாடியில் படியும் பாசியை மேய்ந்தே வாழும், உடலைப் பிளந்து பெருகும். அவற்றை எடுத்துவிட வேண்டாம் என்று ஆன்ட்டியிடம் சொல்லிவிட்டு வந்தேன்.