இரண்டு மணிக்கு ஒரு கதிரை

ஆனி, ஆடியில் திருகோணமலையில் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் எல்லாருக்கும் தூசியும் சூடும்தான் தொல்லை, எனக்கு அதோடு என் வலது காலும் சேரும். முழங்காலுக்குக் கீழே பொய்க்கால். காலையில் இறுக்கமாகப் பொருந்துவது மத்தியானம் ஆனதும் வியர்வையில் வழுக்கும், பொய்க்காலுக்குள் மிஞ்சியிருக்கிற கால் பகுதியும் நேரம் போகப்போகக் கொஞ்சம் சுருங்குவதால் உள்ளே ஆடத் தொடங்கும், அப்போது கழற்றித் துடைத்து இன்னொரு சொக்ஸ் கூட்டிப் போட வேண்டும். போடாவிட்டால் கொப்புளம், பிறகு ஒரு கிழமை வீட்டில்தான். பத்து நிமிட வேலை.

முதலில் வேலை செய்த நிதி நிறுவனத்தில் அந்தப் பத்து நிமிடத்துக்கு இடமில்லை. மலசலகூடத்தில் எப்போதும் ஈரம், உட்கார ஒன்றுமில்லை, கேட்கவும் வெட்கம். மேலாளர் நல்ல மனிதர். "தம்பி, நீங்க கஷ்டப்பட வேண்டாம்" என்று சொல்லி, நிலாவெளி, மூதூர்ப் பக்கம் கடன் வாங்கியவர்களைப் போய்ப் பார்க்கிற வெளிவேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேலதிகக் கொடுப்பனவும் பதவி உயர்வும் அந்த வேலையில்தான் இருந்தன. இரக்கப்பட்டுச் செய்ததுதான், ஆனால் இன்றைக்கும் எனக்கு மனம் ஆறவில்லை.

வாகனம் ஓட்டிய கிண்ணியா நானாதான் கவனித்தார். "ரெண்டு மணிக்குப் பிறகு உங்கட நடை மாறுது தம்பி, என்ன செய்யுது? சொன்னாத்தானே விளங்கும்." சொன்னேன். வேலையிடத்தில் ஒருவரிடம் முழுதாகச் சொன்னது அன்றுதான். அடுத்த நாள் பழைய கோப்புகள் கிடந்த அறையில் ஒரு மூலையைத் துப்புரவாக்கி, கைபிடி வைத்த கதிரை ஒன்றைப் போட்டு, கதவின் உள்பக்கம் ஒரு கொளுக்கியும் அடித்திருந்தார். கதிரையை விட அந்தக் கொளுக்கிதான் எனக்குப் பெரிது, காலைக் கழற்றிக் கையில் வைத்திருக்கும்போது கதவு திறந்துவிடுமோ என்ற பயம் அதோடு போனது.

அப்புறம்தான் வாய் திறக்கப் பழகினேன். 1988இல் வந்த சுற்றறிக்கை அரச வேலையில் 3 சதவீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது, 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வேலைக்கு ஆள் எடுக்கும்போது பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. இரண்டும் தேவை, ஆனால் அவை பேசுவது உள்ளே வருவதைப் பற்றி. உள்ளே வந்தவனுக்கு இரண்டு மணிக்கு என்ன வேண்டும் என்பதை அவனே சொல்ல வேண்டும், கேட்க ஒருவர் இருக்கவும் வேண்டும். ஒரு மாதம் வெளிவேலை தந்து பாருங்கள் என்று மேலாளரிடம் நேரே கேட்டேன். தந்தார், திரும்ப எடுக்கவில்லை.

இப்போது வேறு அலுவலகம். போன மாதம் காதில் கருவி போட்ட ஒரு தங்கச்சி புதிதாகச் சேர்ந்தா. மேசையை எங்கே போடட்டும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஃபேனுக்குக் கீழ வேண்டாம் அண்ணா, இந்த மெஷின்ல அந்தச் சத்தம்தான் பெரிசாக் கேட்குது" என்றா. சாப்பாட்டு நேரம் முடியுமுன் மேசையை யன்னல் பக்கம் தூக்கிப் போட்டோம்.